ஊசியா, குழியா?

கால்நடைகளுக்கு ஒட்டுவாரொட்டி நோய் கண்டால் அவற்றைக் கொன்று குழியில் இடுவது உசிதமா, நோய் வருமுன்பே ஊசி குத்தி அவற்றைக் காப்பது உசிதமா என்ற கேள்வியை, மேல்நாட்டு நிபுணர்களின் மகாநாடுகளுக்கு உரிய விஷயம் என்று நம்மவர் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நாஞ்சில் நாட்டாருக்கு அப்படி ஒதுக்க இடமில்லை. 2014-ம் வருஷக் கடைசியில் ஆலப்புழை, கோட்டயம் ஜில்லாக்களில் பறவைக் காய்ச்சல் கண்டு, வாத்துகளைக் கூட்டங் கூட்டமாகக் கொன்று எரித்தபோது, இங்கே களியக்காவிளைச் சாவடியில் வண்டிச் சக்கரங்களுக்கு மருந்து தெளித்தார்கள். 2021-ம் வருஷ ஆரம்பத்தில் மறுபடியும் அதே காட்சி. 2024-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் குட்டநாட்டின் எடத்துவா, செறுதனை என்ற ஊர்களில் நோய் திரும்பவும் தலைகாட்டியது. பத்து வருஷ காலத்தில் ஒரே சீமையில், ஒரே இனப் பறவைகளுக்கு, கொலை என்ற ஒரே சிகிச்சை திரும்பத் திரும்பச் செய்யப்பட்டது. நோயும் திரும்பத் திரும்ப வந்தது.

நமது அபிப்பிராயத்தை ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஒன்றும் இரண்டுமாகக் கால்நடை வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த தேசத்தில் ஊசியே பொதுவிதியாக இருக்க வேண்டும். குழி விதிவிலக்காக இருக்க வேண்டும். அந்த விதிவிலக்கைக் கைக்கொள்ள நேரும் இடத்திலும், நஷ்டஈட்டுப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சர்க்கார் சிப்பந்திகள் ஏழையின் வாசற்படி ஏற வேண்டும். எதிர்த்தரப்பு வாதம் அற்பமானது என்று நாம் சொல்லவில்லை. அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது, அதிலிருந்தே ஆரம்பிப்போம்.

1865-ம் வருஷம் ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆளுகையில் இருந்த ஒரு துறைமுகத்தில் கப்பலேறி, இங்கிலாந்தின் ஹல் துறையில் இறங்கிய மாடுகளோடு வெக்கை நோயும் இறங்கிற்று. சந்தை சந்தையாகப் பரவி, சில மாதங்களில் லட்சக்கணக்கான மாடுகளை அது வாரிக்கொண்டு போயிற்று. வைத்தியர்கள் சொன்ன மருந்துகள் ஒன்றும் பலிக்கவில்லை. 1866-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் பார்லிமெண்டார் ஒரு சட்டம் செய்தார்கள்: நோய் கண்ட மாட்டைக் கட்டாயமாகக் கொல்ல வேண்டும், மாடுகளை ஊர் விட்டு ஊர் ஓட்டக் கூடாது, கொன்ற மாட்டுக்கு ஒரு தொகை கொடுக்கப்படும். 1867-ல் நோய் ஒழிந்தது. அன்று முதல் கொலைமுறை மேல்நாட்டுக் கால்நடை வைத்தியத்தின் வேதவாக்கு ஆகிவிட்டது. அந்த வெற்றியை நாம் குறைத்துப் பேசப்போவதில்லை. ஊசி மருந்தே இல்லாத காலத்தில் அவர்கள் வேறு என்ன செய்திருக்க முடியும்? ஆனால் வெற்றிக்கு உதவிய காரணங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நாலு புறமும் கடல். ஒவ்வொரு கிராமத்துக்கும் எட்டும் போலீஸ். நஷ்டஈடு கொடுக்கத் திராணியுள்ள பொக்கிஷம். இம்மூன்றும் இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்குத் தென் ஆப்பிரிக்கா சாட்சி. 1896-ல் அங்கே அதே நோய் வடக்கிலிருந்து இறங்கி வந்தபோது, கம்பி வேலி போட்டார்கள். எதிர்ப்பட்ட மந்தைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். நோய் வேலியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஜெர்மானியப் பண்டிதர் ராபர்ட் கோக்கை வரவழைத்து, செத்த மாட்டின் பித்தநீரை எடுத்து உயிருள்ள மாட்டுக்கு ஊசி குத்தும் வழியைத் தேட வேண்டியதாயிற்று.

அந்தக் கோக் மறு வருஷம் நம் தேசத்துக்கும் வந்தார். 1889-ல் புனாவில் ஆரம்பித்து, 1893-ல் குமாவுன் மலையில் உள்ள முக்தேசுவரத்துக்கு மாற்றப்பட்ட கிருமி ஆராய்ச்சி சாலையை அவர் போய்ப் பார்த்தார். வெக்கை நோயை ஆராய்வதே அந்தச் சாலையின் முக்கிய வேலையாக இருந்தது. இந்தியாவில் மாடுகளைக் கொன்று இந்நோயை ஒழிப்பது நடவாத காரியம் என்பது அன்னிய அதிகாரிகளுக்கே தெரிந்திருந்தது. பசுவைக் கொல்ல ஜனங்களின் மனம் இடங்கொடாது என்பது ஒரு காரணம். அதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்பவர்கள் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். உழவு மாடு செத்தால் அந்த வருஷப் பயிரும் செத்தது. எருதைப் பறிகொடுத்த குடியானவன் லேவாதேவிக்காரனிடம் போவான்; அங்கே போனவன் நிலத்தோடு திரும்பி வருவது துர்லபம். நோயினால் சாகும் மாட்டுக்கும், நோய்க்குப் பயந்து சர்க்கார் கொல்லும் மாட்டுக்கும் அவன் கணக்கில் வித்தியாசம் கிடையாது.

ஆகையால் நமது தேசம் ஊசியின் வழியே போயிற்று. முக்தேசுவரத்தில் எட்வர்ட்ஸ் என்பவர் 1920-களில் நோய்க் கிருமியை ஆட்டின் உடலில் பலமுறை செலுத்தி, அதன் கொடுமையைத் தணித்து, மாட்டுக்குக் குத்தத் தகுந்த மருந்தாக்கினார். 1932-ல் நமது மாகாணத்தில் ராணிப்பேட்டையில் கால்நடைகளுக்கான சீரம் நிலையம் ஏற்பட்டது. சுயராஜ்யம் வந்த பின் 1954-ல், வெக்கை நோயைத் தேசத்தை விட்டே ஒழிப்பது என்று ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான சிப்பந்திகள், சைக்கிளிலும் கால்நடையாகவும், பனிக்கட்டிப் பெட்டியைச் சுமந்துகொண்டு கிராமம் கிராமமாகப் போய் ஊசி குத்தினார்கள். அவர்களுக்கு யாரும் சிலை வைக்கவில்லை. 1995-ல் இந்தியாவில் கடைசியாக இந்நோய் கண்ட இடம் நமது தமிழ்நாட்டின் வடஆற்காடு. 2006-ல் இந்தியா இந்நோய் நீங்கிய தேசம் என்று சர்வதேசக் கால்நடைச் சுகாதார ஸ்தாபனம் அத்தாட்சி கொடுத்தது. 2011-ல் உலகம் முழுவதிலுமே வெக்கை நோய் ஒழிந்ததாகப் பிரகடனம் செய்தார்கள். மனிதருக்கு வரும் பெரியம்மைக்கு அடுத்தபடியாக, பூமியை விட்டே அகற்றப்பட்ட இரண்டாவது நோய் இது. இன்று முப்பது வயதுக்கு உட்பட்ட கால்நடை வைத்தியர் எவரும் நமது ஊரில் ஒரு வெக்கை மாட்டைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது.

இந்த வரலாற்றில் பெருமைப்படுவதோடு நின்றுவிடக் கூடாது. 1954-ல் தொடங்கிய காரியம் முடிய நாற்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது ஏன்? நூற்றுக்கு எண்பது மாட்டுக்கு ஊசி குத்தினால் நோய் தானே மடியும் என்று எண்ணினார்கள். ஆரம்பத்தில் நோய் வெகுவாகக் குறைந்தது. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக வருஷந்தோறும் புகைந்துகொண்டே இருந்தது. ஊசியின் கணக்குப் புஸ்தகத்தில் இருந்தது. நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்ற கணக்கு எவரிடமும் இல்லை. 1992-ல் புதிய திட்டம் வந்து, நோயை வேட்டையாடுவதுபோல் கிராமம் கிராமமாகத் தேடி, ரத்தம் எடுத்துச் சோதித்து, நோய் உள்ள இடத்தில் ஊசியைக் குவித்து, இல்லாத இடத்தில் ஊசியை நிறுத்திக் காவல் இருந்த பிறகே வேலை முடிந்தது. ஊசிக் கட்சியைச் சேர்ந்தவர்கள் இந்தப் பாடத்தை மறக்கலாகாது. ஊசி குத்தியதாக எழுதிக்கொள்வது வேறு, மாட்டின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருக்கிறதா என்று பார்ப்பது வேறு.

இனி இன்றைய வியாதிகளுக்கு வருவோம். மாடு வைத்திருப்பவரை இன்று வாட்டுவது கோமாரி. கால்காணை, வாய்க்காணை என்றும் சொல்வார்கள். நாக்கிலும் ஈறிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம்; வாயில் நூல்நூலாக எச்சில்; காய்ச்சல்; தீனி எடுக்காது; பால் வற்றிவிடும். வளர்ந்த மாடு பெரும்பாலும் சாவதில்லை. கன்றுகள் இருதயம் கெட்டுத் திடீரென்று சாகும். பிழைத்த மாடும் முன்போல் பால் கொடாது. சில மாடுகள் வெயில் ஏறினால் நாய்போல் இரைக்கும். கலப்பின மாடுகளுக்கு நோயின் வேகம் அதிகம். கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களில் ரப்பர் வெட்டப் போகிறவரின் வீட்டுப் பின்புறத்தில் நிற்பது பெரும்பாலும் இந்தக் கலப்பினப் பசுதான். தோவாளை, அகஸ்தீசுவரம் பக்கங்களில் உழவு எருதின் இடத்தை டிராக்டர் பிடித்துக்கொண்டது. தொழுவத்தில் மிஞ்சியிருப்பது கறவை மாடு. அந்த மாட்டின் வரவு பெண்பிள்ளையின் கைக்கு வரும் வரவு. பள்ளிக்கூடச் சம்பளமும் சீட்டுப் பணமும் அதிலிருந்துதான் போகின்றன.

இந்தக் கோமாரிக்காக இங்கிலாந்து 2001-ல் என்ன செய்தது என்பதை நேயர்கள் அறிய வேண்டும். பிப்ரவரியில் எஸெக்ஸ் சீமையின் ஒரு கசாப்புச் சாலையில் பன்றிகளிடம் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. செப்டம்பர் மாதக் கடைசிக்குள் நோய் உறுதியான இடங்கள் 2026. அதற்காகக் கொல்லப்பட்ட பிராணிகள் அறுபது லட்சத்துக்கு மேல். அவற்றில் பெரும்பாலானவை நோய் இல்லாதவை; நோய் கண்ட பண்ணைக்கு அடுத்த பண்ணையில் இருந்தன என்பதே அவை செய்த குற்றம். கும்பிரியாவில் ஒரு பழைய விமானத் திடலில் மட்டும் நாலரை லட்சத்துக்கு மேற்பட்ட உடல்களைப் புதைத்தார்கள். வளர்ந்த பிராணிகளில் பெரும்பாலானவற்றைத் தானாகவே விட்டுவிடும் ஒரு நோயைத் தடுப்பதற்காக இத்தனை கொலை! ஹாலந்துக்காரர்கள் அதே வருஷத்தில் செய்தது இன்னும் விநோதம். இரண்டு லட்சத்துக்குச் சமீபமான பிராணிகளுக்கு ஊசி குத்தி நோயை மறித்தார்கள். மறித்த பிறகு ஊசி குத்திக்கொண்ட பிராணிகளையும் கொன்றுவிட்டார்கள்.

இவர்கள் புத்தியற்றவர்கள் அல்ல. கணக்குப் பார்த்தே செய்தார்கள். அந்தக் கணக்கு வைத்தியக் கணக்கு அல்ல, வியாபாரக் கணக்கு. ஊசி குத்திய மாட்டின் ரத்தத்திலும், நோய் வந்து தேறிய மாட்டின் ரத்தத்திலும் ஒரேவிதமான எதிர்ப்புப் பொருள் காணப்பட்டது. இது எந்த மாடு என்று பிரித்தறிய அக்காலத்தில் நம்பகமான வழி இல்லை. ஆகவே ஊசி போட்ட தேசத்தின் இறைச்சியை மற்ற தேசத்தார் வாங்கத் தயங்கினார்கள். கொன்று தீர்த்த தேசம் மூன்று மாதத்தில் மறுபடியும் சுத்தமான தேசம் என்று பெயர் வாங்கலாம். ஊசி போட்டு உயிரோடு வைத்த தேசம் அதைப்போல இரண்டு மடங்கு காலம் காத்திருக்க வேண்டும் என்று வெகு நாள் விதி இருந்தது. இறைச்சியைக் கப்பலேற்றி விற்பவனுக்கு அந்த மூன்று மாதம் பெரிது. காலையில் நாலு லிட்டர் பாலைச் சங்கத்தில் ஊற்றிவிட்டு வருகிற அருமனைப் பெண்ணுக்கு அதில் என்ன லாபம்? ஏற்றுமதிக்காரனுடைய விதியைக் கறவைக்காரியின் தலையில் சுமத்தக் கூடாது என்பதே நமது கட்சி.

அந்த வியாபாரக் கணக்குங்கூட இப்போது மாறிக்கொண்டு வருகிறது. நோய்க்கிருமி உடலுக்குள் பெருகும்போது மட்டும் உண்டாகிற சில புரதங்கள் உண்டு. சுத்தம் செய்த ஊசி மருந்தில் அவை இருப்பதில்லை. அந்தப் புரதங்களுக்கு எதிர்ப்பு ரத்தத்தில் இருந்தால் நோய் வந்த மாடு. இல்லாவிட்டால் ஊசி மட்டும் பெற்ற மாடு. இந்தச் சோதனை நம் தேசத்திலும் நடக்கிறது. ஊசி வழியில் போய் ஜெயித்த உருகுவே தேசத்தின் உதாரணமும் கண்ணெதிரே இருக்கிறது. இங்கிலாந்தில் குழி வெட்டிய அதே 2001-ல் அங்கேயும் கோமாரி வந்தது. முதலில் சில ஆயிரம் மாடுகளைக் கொன்று பார்த்தார்கள், குடியானவர்கள் எதிர்த்தார்கள், நோயும் நிற்கவில்லை. உடனே கொலையை நிறுத்தி, ஏறக்குறைய ஒரு கோடி மாடுகளுக்கு ஊசி குத்தினார்கள். ஆகஸ்டு மாதத்தோடு நோய் அடங்கிற்று. உருகுவே இறைச்சி விற்றுப் பிழைக்கும் தேசம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நமது சர்க்காரும் கோமாரி விஷயத்தில் ஊசியையே கைக்கொண்டிருக்கிறார்கள். 2013-ம் வருஷத்தில் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் கேரளத்திலும் இந்நோய் பெருவாரியாகப் பரவி மாடுகள் மாண்டதை ஜனங்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2019-ம் வருஷம் செப்டம்பரில் மத்திய சர்க்கார் கோமாரியையும் கருச்சிதைவு நோயையும் ஒழிக்க ஐந்து வருஷத்துக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கித் திட்டம் ஆரம்பித்தார்கள். 2025-க்குள் அடக்குவது, 2030-க்குள் ஒழிப்பது என்பது அப்போது சொல்லிய நோக்கம். பணம் ஒதுக்கியதைப் பாராட்டுகிறோம். ஆனால் கோமாரி வெக்கை நோயைப்போல் எளிதான எதிரி அல்ல. வெக்கைக்கு ஒரு தடவை நல்ல மருந்தைக் குத்தினால் மாட்டின் ஆயுளுக்கும் போதும். கோமாரி மருந்தின் பலம் ஆறு மாதம் நிற்பதே அரிது. வெக்கைக்கு ஒரே ஜாதிக் கிருமி. கோமாரிக்கு நம் தேசத்தில் மட்டும் மூன்று ஜாதி உண்டு. மூன்றுக்கும் சேர்த்து மருந்து செய்ய வேண்டும். தயாரித்த இடத்திலிருந்து மாட்டின் கழுத்துக்கு வரும்வரை அந்த மருந்து இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் இடையிலேயே இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் பெட்டி திறந்து கிடந்தால், பிறகு குத்துவது மருந்தல்ல, தண்ணீர். கன்றுக்கு நாலாம் மாதத்தில் முதல் ஊசி. அடுத்த மாதம் இரண்டாவது. பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. இதில் ஒரு தவணை தவறினாலும் நோய்க்குக் கதவு திறந்தது.

ஜனங்களிடத்திலும் குறை இருக்கிறது. அதையும் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. ஊசி போட்டால் இரண்டொரு நாள் பால் குறையும் என்று மாட்டை ஒளிக்கிறார்கள். சினைமாட்டுக்குக் குத்தினால் கன்று விழுந்துவிடும் என்று பக்கத்து வீட்டார் சொல்லை நம்புகிறார்கள். கொஞ்சம் பால் குறைவது உண்மை. நோய் வந்தால் மொத்தமும் போய்விடும் என்பது அதைவிடப் பெரிய உண்மை. சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பூண்டு, தேங்காய், வெல்லம் சேர்த்து அரைத்துக் கொடுக்கும் கைமருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தாரே சொல்லிக்கொடுக்கிறார்கள். வாய்ப்புண்ணுக்கு அது இதமானது. நாமும் அதை வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அது நோய் வந்த மாட்டுக்குச் செய்யும் உபசாரம். அடுத்த தொழுவத்துக்கு நோய் போவதை அது தடுக்காது.

நமது ஜில்லாவுக்கு விசேஷமான ஒரு சங்கடம் உண்டு. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய், மேற்கே களியக்காவிளை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கேரளத்துக்கு இறைச்சிக்கும் பாலுக்கும் போகும் மாடுகள் நமது ஜில்லாவின் குறுக்கே லாரியில் போகின்றன. திருவிதாங்கூர் ராஜ்ய காலத்தில் சாவடி ஆரல்வாய்மொழியில் இருந்தது. 1956-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதிக்குப் பின் எல்லை களியக்காவிளைக்கு நகர்ந்தது. கிருமிக்கு அந்தத் தேதியும் தெரியாது, அந்த எல்லையும் தெரியாது. கன்னியாகுமரி ஜில்லாவில் ஒரு மாதம் ஊசி குத்துகிறார்கள். திருவனந்தபுரம் ஜில்லாவில் வேறொரு மாதம் குத்தினால், இடையிலுள்ள காலத்தில் எல்லையோரத்து மாடுகள் இரு பக்கத்து நோய்க்கும் பாலமாகின்றன. இரு ஜில்லா அதிகாரிகளும் கலந்துகொண்டு ஒரே பதினைந்து நாளில் எல்லையின் இரு புறத்திலும் வேலையை முடிப்பதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை; கூடுதல் பணமும் வேண்டியதில்லை. லாரியில் ஏறும் மாட்டின் காதில் பன்னிரண்டு இலக்க வில்லை இருக்கிறதா, அந்த இலக்கத்துக்கு எதிரே ஊசித் தேதி பதிவாகியிருக்கிறதா என்று சந்தையிலேயே பார்த்துவிட்டால், சாவடியில் மருந்து தெளிக்கும் வைபவத்துக்குத் தேவை குறையும்.

மாட்டை விட்டு வாத்துக்கும் கோழிக்கும் வருவோம். இங்கேதான் நமது சர்க்காரின் கொள்கை தலைகீழாக மாறுகிறது. பறவைக் காய்ச்சல் 2006-ல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் முதன்முதலாகக் கண்டது முதல், கண்டுபிடி, கொல் என்பதே விதி. நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள வளர்ப்புப் பறவைகள் யாவும் கொல்லப்படுகின்றன. இதற்குச் சொல்லப்படும் காரணத்தை நாம் மதிக்கிறோம். இது மனிதனுக்கும் தொற்றக்கூடிய நோய். 2021-ல் வட இந்தியாவில் ஒரு சிறுவன் இதனால் உயிரிழந்தான். ஊசி போட்ட வாத்து நோய்க்குறி இல்லாமலே கிருமியைச் சுமந்து திரியக்கூடும் என்ற அச்சமும் வீணானதல்ல. நோய் கண்ட மந்தையை உடனே கொன்றுவிட வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபமில்லை. நமது ஆட்சேபம், நோய் காணாத மந்தைகளையும் வருஷா வருஷம் கொன்றுகொண்டே இருப்பதைத் தவிர வேறு வழியே இல்லை என்று சொல்வதைப் பற்றியது.

வேறு வழி இருப்பதைப் பிரான்சு காட்டியிருக்கிறது. 2021-22 பருவத்தில் அங்கே ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட பண்ணைகளில் நோய் கண்டது. கோடிக்கு மேற்பட்ட பறவைகளைக் கொன்றார்கள். 2023-ம் வருஷம் அக்டோபரிலிருந்து பண்ணை வாத்துகள் அனைத்துக்கும் ஊசி போட ஆரம்பித்தார்கள். அந்தப் பருவத்தில் நோய் கண்ட பண்ணைகள் பத்து. பருவத்துக்குப் பருவம் நோயின் வேகம் மாறும் என்பதைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் இது சாமானிய வித்தியாசமல்ல. ஊசி போட்டதோடு அவர்கள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஊசி போட்ட மந்தைகளை விடாமல் சோதித்து, கிருமி ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அமெரிக்கா அவர்களுடைய கோழிப் பண்டங்களைச் சில காலம் தடுத்து வைத்தது. அதையும் பொறுத்துக்கொண்டார்கள்.

நமது தேசத்தில் தடையாக நிற்பதும் இந்த வியாபாரப் பயமே. நாமக்கல் முட்டை அரபு நாடுகளுக்குப் போகிறது. ஊசி போட ஆரம்பித்தால் வாங்குவோர் பின்வாங்குவார்கள் என்கிறார்கள். நாமக்கல்லின் கஷ்டத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் கூண்டுக்குள் லட்சக்கணக்கில் வளரும் முட்டைக் கோழியும், அறுத்த வயலில் சிந்திய நெல்லைப் பொறுக்கி மேயும் வாத்தும் ஒரே சட்டத்துக்குள் அடங்க வேண்டிய அவசியம் என்ன? வாத்து மேய்ப்பவனுடைய மந்தை கடல் தாண்டி எங்கும் போவதில்லை. மேய்ச்சல் வாத்துகளுக்கு மட்டும், ஒரு குறிப்பிட்ட பிரதேசத்தில், கடுமையான சோதனையோடு ஊசியைப் பரீட்சை செய்து பார்க்கலாகாதா? குட்டநாட்டைவிட அதற்குத் தகுந்த இடம் வேறில்லை. ஊசி என்றால் நமது பெண்களுக்குப் புதிதும் அல்ல. கோழிக் கழிச்சலுக்கு மாசி மாதத்தை ஒட்டி ஊசி முகாம் நடக்கும்போது, முந்தானைக்குள் கோழியை அணைத்துக்கொண்டு வந்து வரிசையில் நிற்பவர்கள் அவர்கள்தான்.

ஊசியே இல்லாத நோயும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2020-ல் அஸ்ஸாம், அருணாசலத்தில் புகுந்து 2022-ல் வயநாடு வரைக்கும் வந்துவிட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்கு நமது தேசத்தில் உபயோகத்துக்கு வந்த தடுப்பு மருந்து கிடையாது. அங்கே குழியைத் தவிர வழியில்லை. மாடுகளுக்கு வந்த தோல் கழலை நோயில் 2022-ல் தேசமெங்கும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் மாண்டன. அதற்கென்று தனி மருந்து கையில் இல்லாத நிலையில் ஆட்டம்மை மருந்தைக் கடன் வாங்கிக் குத்திச் சமாளித்தார்கள். அதே வருஷத்தில் நமது ஆராய்ச்சியாளரே தனி மருந்து ஒன்றையும் தயாரித்தார்கள். முயன்றால் முடியும் என்பதற்கு இதுவும் அத்தாட்சி.

கொல்லத்தான் வேண்டும் என்ற இடத்தில் பணத்தைப் பற்றிய பேச்சு முதலில் வர வேண்டும். 2021-ல் கேரளத்தில் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட வாத்து ஒன்றுக்கு 200 ரூபாயும், இளசுக்கு 100 ரூபாயும், முட்டைக்கு 5 ரூபாயும் விதித்தார்கள். முட்டையிடும் வாத்தின் விலை 200 ரூபாய்தானா என்பது ஒரு கேள்வி. அந்த 200 ரூபாய் எத்தனை மாதம் கழித்துக் கைக்கு வருகிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. வாத்தைக் குஞ்சாக வாங்கியதும் கடன். தீனிக்கு வாங்கியதும் கடன். கொன்றவர்கள் அன்றே போய்விடுகிறார்கள். கடன்காரன் மறுநாள் காலையில் வந்து நிற்கிறான். இந்த நிலைமையில், மந்தையில் நாலு வாத்து தலை சுற்றி விழுந்தால், மேய்ப்பவன் வைத்தியருக்குச் சொல்லி அனுப்புவானா, இரவோடிரவாக மந்தையை அடுத்த வயலுக்கு ஓட்டுவானா? அவன் ஓட்டிய வழியெல்லாம் நோய் போகும். 2009-ம் வருஷத்துக் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டம் நோயை மறைப்பதைக் குற்றம் என்கிறது. மறைக்காதவனுக்கு அன்றைக்கே பணம் கொடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சுசீந்திரம், தேரூர்க் குளங்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில் தூரதேசத்துப் பறவைகள் வந்து இறங்குகின்றன. கும்பப்பூ அறுப்பாகும் மாசி, பங்குனியிலும் அவற்றில் பல அங்கேதான் இருக்கும். அறுத்த வயல்களில் வாத்துகள் மேய வருவதும் அந்தக் காலத்திலேதான். அதற்கு முன்பாக, ஜில்லாவுக்குள் மேயும் வாத்து மந்தைகளை எண்ணிப் பதிவு செய்வது, தேரூரைச் சுற்றியுள்ள வளர்ப்புப் பறவைகளின் ரத்தத்தைச் சோதிப்பது, நஷ்டஈட்டுக்கென்று ஒரு தொகையை முன்கூட்டியே ஜில்லாக் கலெக்டரின் கையில் கொடுத்து வைப்பது ஆகிய காரியங்களைச் சென்னை சர்க்கார் செய்ய வேண்டும். கோமாரி ஊசியைப் பொறுத்தவரை, தாலுகாவாரியாக எத்தனை மாட்டுக்குக் குத்தினார்கள் என்ற கணக்கோடு, எத்தனை மாட்டின் ரத்தத்தில் பலன் கண்டார்கள் என்ற கணக்கையும் பஞ்சாயத்துப் பலகைகளில் எழுதி ஒட்டும்படி கால்நடை இலாகாவைக் கேட்டுக்கொள்கிறோம்.